போகாமலே வந்து சேர்ந்த பைகள்

தாராவியில் தைத்த ஒரு பை, தைத்த இடத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே பாலிஷ் போடும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? ஜுவைரியாவும் நம்பவில்லை. ஆனால் விக்ரோலி ஆபீஸில் அவள் மேஜையில் இருந்த திரை திங்கட்கிழமையிலிருந்து அதையேதான் சாதித்துக்கொண்டிருந்தது. ஒரு பை, இரண்டு பை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். டெம்போ டெம்போவாகப் பைகள் முதலில் போய்ச் சேர்ந்தன, அப்புறம் கிளம்பின. கிளம்பியவை மறுபடி எங்கேயும் சேராமல், கணக்குப்படி, நைன்டி ஃபீட் ரோட்டில் அலைந்துகொண்டிருந்தன.

“இம்புட்டுப் பையும் நெசமாவே ரோட்டுல நின்னா தாராவியே ஜாம் ஆயிருக்கும்க்கா,” என்றான் பேச்சிராஜா. பம்பாயின் கோவண்டிப் பக்கத்துக்காரன். அந்த டீமில் ஜுவைரியாவைத் தவிர இருந்த ஒரே ஆள். எதைச் சொன்னாலும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வான். ஜுவைரியாவுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படி வரும்? வெள்ளிக்கிழமை தலைக்கு மேல் நின்றது.

கம்பெனி சின்னதுதான். தாராவியில் ஒரு தோல் பை ஒரே கூரைக்குக் கீழே உருவாவதில்லை. தோல் வெட்டுவது ஒரு காலா, லைனிங் தைப்பது இன்னொரு காலா, ஜிப் வைப்பது மூன்றாவது, பாலிஷ் போட்டுப் பெட்டியில் அடைப்பது வேறெங்கோ. பம்பாயில் பட்டறை அறைக்குக் காலா என்றுதான் பெயர். எந்தப் பை எந்தக் காலாவில் இருக்கிறது, யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள், யாருக்கு எப்போது கிடைக்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் இவர்கள் எழுதிய மென்பொருளின் வேலை. அதை ஒரே மூட்டையாக எழுதாமல் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதியிருந்தார்கள். ஆர்டருக்கு ஒரு துண்டு, சரக்குக்கு ஒரு துண்டு, சுமந்து போகிறவர்களுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று. மைக்ரோசர்வீஸ் என்று அதற்குப் பெயர். பெயர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் துண்டு போட்டால் போதுமா? துண்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டாமா? ஒன்று படுத்தால் அதைக் கூப்பிட்டுக்கொண்டே நின்று மற்றதும் படுத்தது. பில் துண்டு தூங்கிய ஒரு மதியம், ஆர்டர்கூட எடுக்க முடியாமல் மொத்த கம்பெனியும் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தது.

பூனாவில் இருந்த தலைமை ஆபீஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நாங்கள் விலை கொடுத்து ஒரு பேக்கேஜ் வாங்கிப் போடுகிறோம். துண்டுகளை இணைக்கிற வேலை இனி பூனாவில்தான். உங்கள் இணைப்பு டீம் இங்கே வரட்டும்” என்றார்கள். மும்பை ஆபீஸின் தலைவர் வெங்கடேஸ்வரன் மாட்டுங்காக்காரர். அவர்தான் வாதாடி ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். இலவசமாகக் கிடைக்கிற திறந்த மூலக் கருவிகளில் மூன்றை ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்து, நிஜச் சரக்கோடு ஓட்டிக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காட்டினால் டீம் இங்கேயே. காட்டாவிட்டால் பூனா.

பூனா ஒன்றும் நிலாவில் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஜுவைரியாவின் புருஷன் காசிமுக்குத் தாராவியில் பை தைக்கிற காலா இருக்கிறது. ஆட்கள், வாடிக்கை, மிஷின், எல்லாம் அங்கேதான். செம்பூரில் வாடகை வீடு பிடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, இப்போதுதான் இருவரும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னபோது காசிம் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “பாப்போம்,” என்றான். அவ்வளவுதான். என்னோடு வருவீர்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டு, மாட்டேன் என்றுவிட்டால்? வேலையா, புருஷனா என்று தராசைப் பிடித்துக்கொண்டு நிற்க அவளுக்குத் தைரியம் இல்லை. அதனால் கருவிகளோடு மல்லுக்கட்டினாள்.

மூன்று கருவிகளுக்கும் வேலை ஒன்றுதான். துண்டுகளுக்கு நடுவே நின்று, ஒருவர் சொன்னதை வாங்கி வைத்து, அடுத்தவர் விழித்திருக்கும்போது கொடுப்பது. முதலாவது பல்சர். “பைக் பேரால்லா இருக்கு,” என்று பேச்சிராஜா முதலில் அதற்குத்தான் ஓட்டுப் போட்டான். பெரிய குடும்பம் அது. சேதி வாங்க ஒரு கூட்டம், வாங்கியதைச் சேமித்து வைக்க இன்னொரு கூட்டம். பழைய சேதியை எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும், ஆனால் அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டும். இரண்டாவது ராபிட். எந்தச் சேதி யாருக்கு என்று பிரித்து அனுப்புவதில் கெட்டி, பல வருஷப் பழக்கம், சந்தேகம் வந்தால் கேட்க ஊரெல்லாம் ஆள். மூன்றாவது நாட்ஸ். ஒற்றை ஆள். சின்ன மிஷினிலும் ஓரமாக உட்கார்ந்து வேலை பார்க்கும். சேதியைப் பத்திரப்படுத்து என்று தனியாகச் சொல்லி வைத்தால் பத்திரப்படுத்தும், சொல்லாவிட்டால் கைகழுவிவிட்டுப் போய்விடும். இதில் எது உசத்தி என்று இணையத்தில் நடக்கிற சண்டையைப் பார்த்தால் குழாயடிக்காரர்களே ஒதுங்கிப்போவார்கள்!

ஆபீஸுக்குள்ளேயே பொய்ச் சேதிகளை அனுப்பிப் பார்த்தபோது மூன்றும் சமர்த்தாகத்தான் இருந்தன. நிஜச் சரக்கை விட்டதும் மூன்றும் ஒரே மாதிரி கழுத்தறுத்தன. சுமை தூக்குகிறவர்களின் போனில் இந்தச் சோதனைக்காகவே புதிதாக இரண்டு பட்டன் வைத்திருந்தார்கள். காலாவை விட்டுக் கிளம்பும்போது ஒன்று, போய்ச் சேர்ந்ததும் ஒன்று. இரண்டையும் அமுக்கினால்தான் அடுத்த சரக்கு எடுக்க முடியும். பல்சரில் சேர்ந்த சேதி முதலில் வந்தது, கிளம்பிய சேதி பின்னால். ராபிட்டில் அதே கதை. நாட்ஸிலும் அதே.

சேதிகள் வரிசை மாறுவது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த நோய். அதனால் ஜுவைரியா அதற்கான வைத்தியங்களை எல்லாம் பார்த்தாள். ஒரு பையின் சேதிகள் இரண்டு வரிசையில் பிரிந்து விழுகிறதோ என்று ஒரே வரிசையில் கட்டினாள். சேதியை வாங்குகிற பக்கம் இரண்டு நிரல்கள் போட்டி போடுகின்றனவோ என்று ஒன்றை நிறுத்தினாள். ம்ஹூம். இந்தி பேசுகிற காலாக்களின் பைகள் மட்டும் ஒழுங்காகப் போய் வந்துகொண்டிருந்தன. அதையும் பார்த்தாள், பார்த்து, அந்தக் காலாக்கள் மெயின் ரோட்டுப் பக்கம், சிக்னல் நன்றாக இருக்கும், நம் ஆட்கள் உள்ளே சந்துக்குள் இருக்கிறார்கள், போன் சேதியைப் பிடித்து வைத்துக்கொண்டு தாமதமாக விடுகிறது என்று முடிவு கட்டினாள். கெட்டிக்காரிதான், முடிவிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் தப்பான முடிவு.

புதன்கிழமை ஆத்திரத்தில் வெங்கடேஸ்வரனுக்கு ஒரு மெயில் தட்டினாள். மூன்று கருவியுமே வரிசையைக் காப்பாற்றவில்லை என்று. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்த மெயிலைப் பூனாக்காரர்கள் பார்த்தால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருக்குமே!

“ஏல பேச்சி, நான் தாராவிக்குப் போயி நானே ஒரு மூட்டையத் தூக்கிட்டு நடக்கப்போறேன்,” என்றாள் மறுநாள் காலையில். “எந்தச் சந்துல சிக்னல் சாகுதுன்னு பாத்துருவோம். நீ இங்க திரையப் பாத்துட்டே போன்ல இரு.”

“நீங்க தூக்குவியளா? மூட்டை உங்களத் தூக்காம இருந்தாச் சரி.”

மூட்டை எடுக்க அவள் போனது ஹபீபாவின் காலாவுக்கு, அங்கே லைனிங் தைக்கிறார்கள். ஹபீபா ஜுவைரியாவுக்குச் சொந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சந்தில் எல்லோருக்கும் ராத்தாதான், மூத்த அக்கா. மூட்டை கட்டி முடிக்கும் வரை சும்மா விடுவாளா? அரை கிளாஸ் கட்டிங் சாய் வரவழைத்து, கூடவே ஒரு பன்னும் கொடுத்து, கம்பெனியில் சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா, காசிம் ஏன் இளைத்துப்போயிருக்கிறான், செம்பூரில் தண்ணி எத்தனை மணிக்கு வருகிறது என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்தாள். ஜுவைரியா மூட்டையைத் தோளில் ஏற்றினாள். கனம் அதிகமில்லை. ஒரு கையில் போன், அதில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. காதில் பேச்சிராஜா.

“சரி ராத்தா, வாரேன்,” என்று சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கினாள்.

“வந்துட்டுக்கா!” காதில் பேச்சிராஜா கத்தினான். “போய்ச் சேந்த சேதி வந்துட்டு! கிளம்புன சேதி இன்னும் வரல. பாத்தியளா? வரிசை மாறிட்டு! எந்தச் சந்துல இருக்கிய?”

“சந்தா? நான் இன்னும் படியே தாண்டலியேல.”

“அப்ப எப்படிச் சேந்திய?”

ஜுவைரியா போனைப் பார்த்தாள். திரையில் இரண்டு பட்டன். தமிழ்த் திரைக்கு அவளே எழுதியது. பேச்சிராஜாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பதால் அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். நல்ல பேச்சுத் தமிழில், ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன் என்று அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை வேறு. காலாவை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’. அடுத்த காலா வாசலுக்கு வந்ததும் ‘வாரேன்’. அவள் கட்டைவிரல் இப்போது ‘வாரேன்’ மேல் இருந்தது.

எழுதியவளின் விரலே தப்பான பட்டனில்!

யாராவது ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது போறேன் என்று சொல்வார்களா? அதுவும் கையில் சரக்கோடு, வாசலில் நின்றுகொண்டு? வாயிலேயே வராதே. போய்ச் சேர்வதற்கு முன்னால் திரும்பி வருவதைத்தானே எல்லோரும் சொல்கிறோம். மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதும்போது மட்டும் அது எப்படி மறந்துபோனது?

சோதித்துப் பார்க்க அவள் விரல் ‘போறேன்’ பக்கம் நகர்ந்தது. எட்டிப் பார்த்த ஹபீபா அதட்டினாள். “ஏ புள்ள, நிலைப்படியில நின்னுட்டு அத அமுக்காத! இங்க ஒருத்தனும் அத அமுக்க மாட்டான். சாமானை எறக்கிட்டு, வெறுங்கையோட நிக்கும்போது அமுக்குவானுவ. அமுக்காட்டி அடுத்த சாமான் எடுக்க விடமாட்டேங்குதே உங்க போனு.”

“அதான் அப்புறமா வருதா!” ஜுவைரியா மூட்டையோடு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். ஹபீபாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கூடச் சிரித்தாள். இந்தித் திரையில் பேச்சிராஜா எழுதியது ‘நிக்லா’, ‘பஹுஞ்சா’, அதாவது கிளம்பியாச்சு, சேர்ந்தாச்சு. அதில் யாருக்கும் சங்கடமில்லை. பல்சர் மேலும் தப்பில்லை, ராபிட் மேலும் இல்லை, நாட்ஸ் மேலும் இல்லை. மூன்றும் சொன்னதைச் சொன்னபடி வரிசை பிசகாமல் கொண்டுவந்து கொடுத்திருக்கின்றன. அதற்குப் போய் அவற்றை வாய்க்கு வந்தபடி திட்டி மெயில் போட்டிருக்கிறாள்.

ஆபீஸுக்கு வந்து பட்டன்களை மாற்றினாள். ‘சாமான் எடுத்தாச்சு’. ‘சாமான் குடுத்தாச்சு’. போகிறதும் வருகிறதும் மனுஷர் பாடு, சரக்குக்கு இதுவே போதும். சாயங்காலத்துக்குள் நைன்டி ஃபீட் ரோட்டில் அலைந்த பைகள் எல்லாம் ஒதுங்கின. மூன்று கருவிகளுக்கும் நேரே இருந்த சிவப்பு பச்சையாயிற்று.

பேச்சிராஜா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். “அக்கா, ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. இதை யாருட்டயும் சொல்லாண்டாம். ஏதோ செட்டிங் மாத்தினோம், சரியாயிட்டுன்னு சொல்லுவோம். ரெண்டு வார்த்தை எழுதத் தெரியாத நீங்களா எல்லாத்தையும் இணைக்கப் போறீங்கன்னு பூனாக்காரன் கேட்டா என்ன பதில் இருக்கு?”

ஜுவைரியாவுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. காசிம் என்ன என்று கேட்டான், ஒன்றுமில்லை என்றாள். சொல்லாமல் விட்டால் பச்சை பச்சையாகவே இருக்கும். ஆனால் ஒப்பீட்டு அறிக்கையில் மூன்று கருவிகளுக்கும் வரிசை விஷயத்தில் என்ன எழுதுவது? தப்புச் செய்யாததைத் தப்புச் செய்ததாகவா? அதை நம்பி நாளைக்கு இன்னொருவன் கருவியை ஒதுக்கிவைப்பானே. பொய் எழுதி இங்கே உட்கார்ந்திருப்பதற்குப் பூனாவுக்கே போகலாம் என்று தோன்றியது. தோன்றினதோடு பயமும் வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சுவர்த்திரையில் பூனாக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடேஸ்வரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் மெயிலை அச்சடித்த தாளை விரலால் தட்டினார். “என்னம்மா இது? புதன்கிழமை மூணும் உதவாதுன்னேள். இன்னிக்கு மூணும் பச்சையா இருக்கு. எதை நான் நம்பறது?”

ஜுவைரியா எழுந்து நின்று முழுவதையும் சொன்னாள். பூனாக்காரர்களுக்காக இந்தியில் ஒருமுறை, வெங்கடேஸ்வரனுக்காகத் தமிழில் இடையிடையே. தப்பு கருவியில் இல்லை, நான் எழுதிய இரண்டு சொல்லில் என்றாள். முடித்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

பூனாவிலிருந்து ஒருவர் சிரித்தார், நல்ல சிரிப்பில்லை. “இரண்டு பட்டனுக்கு ஒரு வாரமா? எங்கள் பேக்கேஜில் மொழிபெயர்ப்பும் சேர்த்தே தருகிறார்கள்,” என்றார் இந்தியில்.

வெங்கடேஸ்வரன் கண்ணாடியை இறக்கினார். “யார் எழுதித் தருவா?”

“வெளியில் ஒரு கம்பெனி.”

“அவா என்ன எழுதுவா? கோயிங், கமிங். போறேன், வரேன். அதே தப்பு வரும். அப்போ பை ரோட்டுல அலையும். பூனாவுல உட்காந்துண்டு எதை மாத்துவேள் நீங்க? விலை கொடுத்து வாங்கினதுன்னா அவாளைக் கூப்பிட்டுச் சண்டை போடுவேள். அவா உங்க நெட்வொர்க்கைக் குத்தம் சொல்லுவா. வருஷம் ஓடிப்போயிடும்.” தமிழில் ஆரம்பித்தவர் பாதியில் சட்டென்று நினைவு வந்து முழுவதையும் இந்தியில் திரும்பச் சொன்னார். கோபம் மட்டும் இரண்டிலும் ஒரே அளவில் இருந்தது. “இந்தப் பெண் மூட்டையைத் தூக்கிண்டு நடந்து கண்டுபிடிச்சிருக்கா. இணைக்கறதுன்னா ரெண்டு கம்ப்யூட்டரை மட்டுமா இணைக்கறது?”

சுவர்த்திரையில் மூன்று பேரும் ஒலியை அணைத்துவிட்டு ஏதோ பேசிக்கொண்டார்கள். வாய்கள் அசைந்தன. பேச்சிராஜா மேஜைக்கு அடியில் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தான்.

ஒலி வந்தது. “மூன்றில் எது?” என்றார் முதலில் சிரித்தவர்.

“மூணுமே ஓடும்,” என்றாள் ஜுவைரியா. “எங்க சரக்குக்குப் பல்சர் ரொம்பப் பெரிசு. ராபிட் நல்லா செய்யும். ஆனா நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம். ரெண்டு பேரால முழுசாப் புரிஞ்சுக்கிட்டு, படுத்தா எழுப்பிவிட முடியறது நாட்ஸ். எனக்கு அது போதும்.”

“அங்கேயே நடத்துங்கள்.”

அவ்வளவுதான். இத்தனை நாள் தலைக்கு மேல் நின்றது இரண்டே சொல்லில் முடிந்துபோயிற்று. பேச்சிராஜா, வெங்கடேஸ்வரன் இருப்பதையும் மறந்து, “அரே வாஹ்!” என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வெங்கடேஸ்வரன் காது கேட்காத மாதிரி தாள்களை அடுக்கினார். சிரிப்பை அடக்கத் தெரியாத மனுஷர், தோள் குலுங்கியது.

ஜுவைரியா மாடிப்படிக்கு வந்து காசிமுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தத்தில் அவன் ஹலோ பாதிதான் கேட்டது.

“மச்சான், பூனா இல்ல! இங்கயேதான். போகாண்டாம்!”

மிஷின் நின்றது.

“நெசமாவா?”

“அல்லா மேல ஆணை.”

“அல்ஹம்துலில்லாஹ்.” பெரிய மூச்சு ஒன்று விட்டான். “அப்ப அர்பாஸுக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிருதேன்.”

“எந்த அர்பாஸு?”

“பூனாவுல இருக்கான்லா, எங்கூட வேலை பழகுனவன். அவன்கிட்டச் சொல்லி ஒரு காலா பாத்து வச்சிருந்தேன். சின்னதுதான். ரெண்டு மிஷின் போடலாம். எந்த ரெண்டக் கொண்டுபோறதுன்னுகூடப் பாத்து, தொடச்சு, எண்ணெய் போட்டு, துணி சுத்தி ஓரமா வச்சிட்டேன்.”

ஜுவைரியா படியில் உட்கார்ந்தாள். காலுக்குக் கீழே எல்.பி.எஸ் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டு போயிற்று. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“சொன்னா நீ என்ன செய்வ? எனக்காக வேலைய விடுதேன்னு நிப்ப. நீ ஜெயிக்கணும்னு இருக்கும்போது நான் எதுக்கு நடுவுல?” என்றான் காசிம். “நீ கேப்பேன்னு பாத்தேன், ஜுவைரி. நீ கேக்கவே இல்ல.”

கேட்கவே இல்லைதான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான், ஆனாலும் அழுகை அழுகைதானே. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, போன வைக்கட்டா?” என்றான் காசிம். “ஆளுக நிக்கிறானுவ. தொடச்சு வச்ச மிஷினத் திருப்பி எடுத்துப் போடணும்.”

“வைக்காதிய,” என்றாள் ஜுவைரியா. “மிஷின் அப்படியே இருக்கட்டும். கொஞ்ச நேரம் எங்கிட்டப் பேசுங்க.”